நாற்பது இடது காதுகள்

1. வெள்ளைப் பலகை

சமூகப்பணியில் முதுகலை முடித்து, மாட்டுத்தாவணிக்கு அருகே ஒரு மாடியில் இயங்கிவந்த அறக்கட்டளையில் திட்ட அலுவலராகச் சேர்ந்த முதல் நாளன்று, என் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைப் பலகை. அதில் மூன்று மேசைகளின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு கட்டங்கள். நாங்கள் உதவச் சென்ற தொழிலாளர்களின் உடல்நிலை முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படித் தேறியது என்பதைக் குறிக்கும் பலகை என்று எண்ணி நான் மனம் நெகிழ்ந்தேன். அந்த நெகிழ்ச்சி பத்து நிமிடம் நீடித்தது.

செயலாளர் சுந்தரவடிவேல் சார் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நேத்து யாரு கம்மி?”

“ரெண்டாம் மேசை சார். பதினேழு எம்பி, ஆறா ஆச்சு.”

“ஆறா? போன வாரம் நாலு வந்துச்சே. என்னம்மா, தூங்குறீங்களா?”

கோப்புகளின் அளவைத்தான் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அலுவலகக் கணினிகளில் வட்டு நிறைந்துவிட்டது என்று என்றோ ஒரு நாள் யாரோ புகார் சொல்ல, அன்றிலிருந்து கோப்பைச் சுருக்குவது அங்கே ஒரு வழிபாடாகிவிட்டது. தினமும் காலையில் ஒவ்வொரு மேசையும் முந்தைய நாள் எவ்வளவு சுருக்கியது என்று பலகையில் எழுத வேண்டும். அதிகம் சுருக்கியவர் பெயருக்கு அடியில் செயலாளர் தம் கையாலேயே கோடு இழுப்பார். புதிய வட்டு ஒன்று வாங்கினால் தீர்ந்திருக்கும் ஒரு சங்கடம், இப்படி ஒரு நிறுவனத்தின் பண்பாடாக உயர்ந்திருந்தது. சுருக்கிய கோப்பைத் திறந்து பார்த்தீர்களா என்ற கேள்விக்கு அந்தப் பலகையில் கட்டம் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பலகையைப் பார்த்து முதல் வாரம் சிரித்த நான், மூன்றாம் மாதம் அதில் கோடு வாங்கினேன்.

2. பிழிந்த துணி

செல்லூரின் விசைத்தறிக் கூடங்களில் இருபது முப்பது ஆண்டுகள் நின்று வேலை செய்தவர்களுக்குக் காது போய்விடும். அங்கே இது செய்தியே அல்ல. தறியின் அருகில் நின்றால் பக்கத்தில் இருப்பவரின் வாயசைவு மட்டுமே தெரியும். அவர்களில் நாற்பது பேருக்கு நாங்கள் ஒரு முகாமில் செவித்திறன் சோதனை நடத்தினோம். செவித்துணைக் கருவி இலவசமாகத் தரும் நலத்திட்டம் ஒன்றுக்கு அவர்கள் சார்பில் இணையவழியில் விண்ணப்பிப்பது என் பொறுப்பு.

விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை நான்கு தாள்கள். அவற்றுள் முதன்மையானது ஆடியோகிராம் என்னும் வரைபடத் தாள். வலது காதின் அளவைச் சிவப்பு வட்டங்களாலும் இடது காதின் அளவை நீலப் பெருக்கல் குறிகளாலும் அதில் குறிப்பார்கள். முகாமுக்கு வந்த செவித்திறன் ஆய்வாளரின் நீலப் பேனா அன்று எழுதவில்லை. ஆகவே கைப்பையில் இருந்த வெளிர்நீல ஸ்கெட்ச் பேனாவால் நாற்பது பேரின் இடது காதையும் வரைந்தார். கண்ணுக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

நான்கு தாள்களையும் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கினால் ஒருவருக்கு இருபத்திரண்டு எம்பி வந்தது. இணையதளமோ ஒருவருக்கு இரண்டு எம்பிக்கு மேல் ஏற்காது.

“ஜிப் போடும்மா” என்றார் செயலாளர்.

போட்டேன். இருபத்திரண்டு, இருபத்தொன்றரை ஆனது.

“என்னம்மா இது? ஜிப் போட்டாப் பாதியாயிரும்னு சொன்னாய்ங்களே?”

“எழுத்து மட்டும் இருக்குற ஃபைல்னா நல்லாக் குறையும் சார். இது ஸ்கேன் படம். படம் சேமிக்கும்போதே சுருங்கித்தான் வரும். பிழிஞ்ச துணிய மறுபடியும் பிழிஞ்சா எவ்வளவு தண்ணி வரும்? அதோட, அந்த சைட்டு ஜிப்பை வாங்கவே வாங்காது. பிடிஎஃப் மட்டுந்தான்.”

“படிச்ச பிள்ளைக இப்படித்தான். முடியாதுங்கிறதுக்கு நாலு காரணம் வச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் பாண்டியை வரச்சொன்னார்.

பாண்டி அவனியாபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். எங்கள் அலுவலகத்தின் கணினிகளுக்கும் அவரே பொறுப்பு. வந்தவர் நின்றபடியே பென் டிரைவைச் செருகினார்.

“அண்ணே, இது ஒரு சாஃப்ட்வேர். நெட்ல சும்மா கெடந்துச்சு. யானையப் போட்டா எலியா வரும்.”

“எம்புட்டு குறையும்?”

“நீங்க எம்புட்டு கேக்குறீங்களோ அம்புட்டு.”

உலகில் எந்தச் சரக்கையும் இந்த வாக்குறுதியோடு விற்பவரிடம் நாம் இரண்டு கேள்வியாவது கேட்போம். வெண்டைக்காய் விற்பவரிடமே முனையை ஒடித்துப் பார்க்கிறோம். மென்பொருள் என்றதும் அந்த எச்சரிக்கை எங்கே போகிறதோ தெரியவில்லை. பாண்டி ‘அல்ட்ரா’ என்ற பொத்தானை அழுத்தினார். இருபத்திரண்டு எம்பி, இருநூற்று நாற்பது கேபி ஆனது. செயலாளர் கைதட்டினார். மூன்று மேசைகளும் எழுந்து நின்று கைதட்டின.

“இதுல இன்னொரு வசதி இருக்குண்ணே. பழைய ஃபைல் தனியா நிக்காது. அதும்மேலயே சேவ் ஆயிரும். குப்பை சேராது.”

“இதத்தான் நான் இம்புட்டு நாளா கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார் செயலாளர்.

அந்த நாற்பதில் பதினான்கு கோப்புகளை நான் சுருக்கினேன். ஒன்றை நூற்றுத் தொண்ணூறு கேபி வரைக்கும் கொண்டுவந்தேன். மறுநாள் என் பெயருக்கு அடியில் கோடு விழுந்தது. முதல் பக்கத்தில் விண்ணப்பதாரரின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். தெரிந்தது. வரைபடம் இருந்த நான்காம் தாள்வரை நான் போகவில்லை. போகாததற்கு நேரமின்மை காரணம் அல்ல. எண்ணிக்கை மயக்கம்தான் காரணம். இதை எழுதும்போதும் கூசுகிறது.

3. ரேணுகா அக்கா கொண்டுவந்த செய்தி

ஒரு மாதம் கழித்து ஒரு முற்பகலில் ரேணுகா என்ற பெண்மணி அலுவலகப் படியேறி வந்தார். கணவர் தாமோதரன் செல்லூரில் ஒரு கூடத்தில் முப்பது ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டுபவர். நாற்பது விண்ணப்பதாரர்களில் ஒருவர். அவரது கோப்பைச் சுருக்கியது நான்தான். ரேணுகா அக்கா கைப்பேசியை என் முன்னால் நீட்டினார்.

“இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கம்மா. எங்க வீட்டுல யாருக்கும் வெளங்கல.”

படித்தேன். வலது காது: கருவியால் பயனில்லை. இடது காது: சோதனை செய்யப்படவில்லை. விண்ணப்பம் முழுமையற்றது என நிராகரிக்கப்படுகிறது. பதினைந்து நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

“சோதனை பண்ணலையா? ரெண்டு காதுலயும் மாட்டித்தானே பாத்தாங்க! நான் கூட இருந்தேனே!”

“இருங்கக்கா, பாக்குறேன்.”

“பாருங்கம்மா. போன மாசம் தறியில பெல்ட்டு அந்துக்கிட்டு வந்திருக்கு. பக்கத்துல இருந்தவுக ‘கைய எடு, கைய எடு’ன்னு கத்தியிருக்காக. இவருக்குக் கேக்கல. நல்லவேளை, தோலு மட்டும் கிழிஞ்சது. மொதலாளி சொல்லிட்டாரு, ‘காது மெஷினோட வா தாமோதரா, ரெண்டு மாசம் ஒன் எடத்த வச்சிருக்கேன். அப்புறம் வேற ஆளப் போட்டுருவேன்’னு. ஒரு மாசம் போயிருச்சு.”

கோப்பைத் திறந்தேன். இம்முறை நான்காம் தாளுக்குப் போனேன்.

வரைபடத்தின் கட்டங்கள் இருந்தன. வலது காதின் வட்டங்கள் கறுப்பாக இருந்தன. இடது காது இல்லை. ஒரு குறிகூட இல்லை. அந்த மென்பொருள் ‘அல்ட்ரா’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு செய்த வேலை இதுதான்: வண்ணங்களை எல்லாம் நீக்கியது. அடர்த்தியாகத் தெரிந்ததைக் கறுப்பாக்கியது. வெளிறித் தெரிந்ததைத் தாள் என்று எண்ணி வெள்ளையாக்கியது. சிவப்பு பிழைத்தது, வெளிர்நீலம் அழிந்தது. அடுத்த கோப்பைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன். நாற்பதையும் திறந்து முடித்தபோது, நாற்பது மனிதர்களுக்கும் ஒரே ஒரு காதுதான் இருந்தது.

அசல் கோப்புகளைத் தேடினேன். அவற்றின் இடத்தில்தான் இவை சேமிக்கப்பட்டிருந்தன. குப்பை சேரவில்லை.

4. ‘சர்வர்’ என்னும் தெய்வம்

செயலாளரிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“சரி விடு. சர்வர் பிரச்சனைன்னு சொல்லிருவோம்.”

“எந்த சர்வர் சார்?”

“ஏதோ ஒரு சர்வர். அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

“சார், தப்பு நம்ம மேல. அத நாமதான் சொல்லணும்.”

“ஸ்டெல்லாம்மா, நீ மிஷன் ஸ்கூல்ல படிச்சவ, அதான் வாரா வாரம் பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லுது. இது ஆபீஸு. தப்புன்னு எழுத்துல குடுத்தா, அடுத்த வருஷம் நமக்கு எவன் ப்ராஜெக்ட் குடுப்பான்?”

பாண்டியைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“அக்கா, நீங்க கொறையணும்னுதான கேட்டீங்க? கொறைஞ்சுச்சுல்ல? படம் தெரியணும்னு ஒருத்தரும் சொல்லலையே.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இணைப்பைத் துண்டித்தேன். ஆனால் அந்த அலுவலகத்தில் உண்மை பேசிய ஒரே மனிதர் அவர்தான் என்று பின்னர் தோன்றியது. நாங்கள் கேட்டது அதைத்தான். அவர் கொடுத்ததும் அதைத்தான். மூன்று மேசைகளிலும் அமர்ந்திருந்த பட்டதாரிகளாகிய நாங்கள், வினாத்தாளைத் தவறாக எழுதிவிட்டு விடைத்தாளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி ஒரே வழி. சோதனைத் தாளின் அசல்களை, ஸ்கேன் செய்ததும் தொழிலாளர்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தோம். வீடு வீடாகப் போய் அவற்றை வாங்க வேண்டும். மேல்முறையீட்டுக்குப் பதினொரு நாட்கள் மீதமிருந்தன. முதலில் தாமோதரன் வீட்டுக்குப் போனேன்.

5. சத்தமாகச் சொன்ன மன்னிப்பு

ஒரு ஸ்கூட்டர் மட்டுமே நுழையக்கூடிய சந்து அது. இருபுறமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தாமோதரன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அருகில் ரேணுகா அக்கா நின்றிருந்தார்.

வழியெல்லாம் ஒரு நயமான வாக்கியத்தை மனத்தில் கட்டியிருந்தேன். ‘எங்கள் தரப்பில் நேர்ந்த ஒரு தொழில்நுட்பக் கவனக்குறைவு’ என்று அது தொடங்கும். அதைச் சொன்னேன். தாமோதரன் இடது காதைத் திருப்பி, கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.

“என்னது?”

மறுபடியும் சொன்னேன்.

“தறி ஓடுது. சத்தமாச் சொல்லுங்கம்மா.”

தொழில்நுட்பக் கவனக்குறைவு என்பதைக் கத்திச் சொல்ல முடியாது. முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாக்கியம் தானாகவே சிறுத்துவிட்டது.

“எங்க தப்பு!” என்று கத்தினேன். “உங்க காது ரிப்போர்ட்ட நாங்கதான் அழிச்சுட்டோம்! நான்தான் அழிச்சேன்!”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்துக் கூடத்தில் இரண்டு தறிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஐந்தாறு பேர் எங்கள் விண்ணப்பதாரர்கள்.

தாமோதரனுக்கு இன்னும் விளங்கவில்லை. ரேணுகா அக்கா குனிந்து, தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் அவர் காதருகே ஏதோ சொன்னார். அவர் முகம் மெல்ல மாறியது.

“எந்தக் காத அழிச்சீங்க?”

“இடது!”

“அடப்பாவிகளா! செத்த காதப் பத்திரமா வச்சுக்கிட்டு, உசுரோட இருக்குறதப் போயி அழிச்சிருக்கீகளே!”

சந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் கேட்டார்: “அப்ப எனக்கும் இடது காது இல்லையா?”

“இல்லண்ணே. நாப்பது பேருக்கும் இல்ல.”

“நல்லவேளை. வீட்டுக்காரி பேசுறது அந்தக் காதுலதான் விழும்” என்றார் அவர். பிறகு குரல் தாழ்ந்தது. “மெஷினு வருமா, வராதா?”

“தாள் இருந்தா வரும். டாக்டரம்மா குடுத்த தாள் இருக்கா?”

ரேணுகா அக்கா உள்ளே போய், ரேஷன் கார்டு வைக்கும் பையை எடுத்து வந்தார். அதற்குள் மற்ற தாள்களோடு ஆடியோகிராமும் இருந்தது. லேமினேட் செய்திருந்தார். “பள்ளிக்கூட சர்டிபிகேட்டு போடயில, கடைக்காரரு இதையும் சேத்துப் போட்டாரும்மா. எனக்குப் படிக்கத் தெரியாது. கவர்ன்மென்ட்டுத் தாள்னா லேமினேசன் பண்ணணும்னு தெரியும்.”

வெளிர்நீலக் குறிகள் ஒன்றுகூடக் கலையாமல் இருந்தன. முதுகலைப் பட்டம் பெற்ற மூன்று மேசைகள் காக்கத் தவறியதை, அக்கா கண்ணாடித்தாளுக்குள் காத்துவைத்திருந்தார்.

6. ஒன்றேகால் எம்பி

அலுவலகத்துக்குத் திரும்பி, அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். ஸ்கேனரின் அமைப்புகளைத் திறந்து படித்தேன். “செட்டிங்ஸ்ல யாரும் கை வச்சிராதீங்க” என்று பாண்டி ஒருமுறை சொல்லியிருந்ததால், அது கோயில் கருவறைபோல் பாதுகாக்கப்பட்டுவந்தது. புகைப்படக் கலைஞருக்குத் தேவைப்படும் நுணுக்கத்தில், அதாவது அறுநூறு டிபிஐயில், அது எங்கள் விண்ணப்பங்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தது. அதோடு ஒவ்வொரு தாளின் வெறுமையான பின்பக்கத்தையும் கடமை தவறாமல் படமெடுத்துச் சேர்த்திருந்தது. இருபத்திரண்டு எம்பியில் ஒரு கணிசமான பங்கு, ஒன்றும் எழுதாத காகிதம்.

நூற்றைம்பது டிபிஐ என்று மாற்றினேன். வண்ணத்தை அப்படியே வைத்தேன். பின்பக்கத்தை நீக்கினேன். நான்கு தாள்களும் சேர்ந்து ஒன்றேகால் எம்பி. எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. தொடக்கத்திலிருந்தே தேவைப்பட்டிருக்கவில்லை. திறந்து நான்காம் பக்கத்தைப் பார்த்தேன். நீலம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. இணையதளத்தில் ஏற்றியபின் அங்கிருந்தே மறுபடி பதிவிறக்கிப் பார்த்தேன். இருந்தது.

மேல்முறையீடு ஏற்கப்பட்டு, தாமோதரனுக்குக் கருவி வந்தது. முதலாளி கொடுத்த கெடு முடிய ஆறு நாட்கள் இருந்தன. இடது காதில் பொருத்திய ஆய்வாளர், பழக்கத்தில் குரலை உயர்த்திக் கேட்டார், “அண்ணே, கேக்குதா?”

“ஏம்மா இப்படிக் கத்துறீக?” என்றார் தாமோதரன். “மெல்லவே சொல்லுங்க.”

ரேணுகா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

7. ஒரு பக்கக் கடிதம்

இந்தக் குறிப்பை இங்கே முடித்தால் என்னையும் ஒரு நல்லவளாகக் காட்டிக்கொள்ளலாம். ஆனால் நாற்பது வீடும் ஏறி இறங்கியதில் தாள் வைத்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர்தான்; அவர்களுக்கெல்லாம் இதே வழியில் மேல்முறையீடு செய்தேன். பதினெட்டுப் பேரிடம் இல்லை. ஒருவருடையது மழையில் நனைந்து கரைந்திருந்தது. ஒருவர் வீடு மாறும்போது தொலைத்திருந்தார். அவர்கள் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்திரப்படுத்தச் சம்பளம் வாங்கியவர்கள் நாங்கள்.

நலத்திட்ட அலுவலகத்தில் விசாரித்தேன். சோதனை செய்யப்பட்டது உண்மை, ஆவணம் தங்கள் தவறால் அழிந்தது என்று நிறுவனம் எழுத்தில் கொடுத்தால், பதினெட்டுப் பேருக்கும் மறுசோதனைக்கு அனுமதிப்போம் என்றார்கள். செயலாளர் கையெழுத்திட மறுத்தார். மூன்று நாள் தொடர்ந்து கேட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் காலையில் அவர் வழக்கம்போல் பலகையின் முன்னால் நின்று “நேத்து யாரு கம்மி?” என்று கேட்டார். நான் என் மேசைக்குப் போய்க் கடிதத்தைத் தட்டச்சு செய்து, திட்ட அலுவலர் என்ற முறையில் என் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

மறுசோதனைக்குப் பதினெட்டுப் பேரையும் அழைத்தார்கள். என் பணி ஒப்பந்தம் அவ்வாண்டு முடிவில் புதுப்பிக்கப்படவில்லை. “ஆபீஸுக்கு ஒத்துவரலம்மா” என்றார் செயலாளர். அதில் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

இத்தகைய பணிக்கு வரும் இளையோர் என்னிடம் எந்தச் சுருக்கு மென்பொருள் நல்லது என்று கேட்கிறார்கள். இரண்டு வகை உண்டு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒரு வகை, புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கும். விரித்தால் இழை குறையாமல் அதே புடவை. ஜிப் அந்த இனம். இன்னொரு வகை, புடவையை வெட்டிச் சிறிதாக்கும். வெட்டிய துண்டை அது திருப்பித் தராது. இரண்டாம் வகையும் பாவம் அல்ல. திருமணப் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும். ஆனால் எதை வெட்டலாம் என்று முடிவெடுக்கும் அறிவு மென்பொருளுக்குக் கிடையாது. அந்த முடிவை அதனிடம் ஒப்படைப்பவருக்கும் கிடையாது. சுருக்குவதற்கு முன், இது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேளுங்கள். அசலின் மேல் எதையும் சேமிக்காதீர்கள். சுருக்கியபின் கடைசிப் பக்கம்வரை திறந்து பாருங்கள், அந்தத் தாளை நம்பிக் காத்திருப்பவரின் கண்களோடு.

அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நான்கே வரிகள். அது எத்தனை கேபி என்று நான் பார்த்ததில்லை.